பால்மா பழைய நகரில் வீடு வாங்கலாமா? "பாதுகாக்கப்பட்ட கட்டடம்" என்றால் என்ன?

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை, சுங்கை சிப்புட், மலேசியா

அனைவருக்கும் வணக்கம். என் மகன் ஆறு ஆண்டுகளாக ஸ்பெயின் நாட்டின் மயோர்கா தீவில், பால்மா துறைமுகத்தில் உல்லாசப் படகுகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் பொறியாளராக வேலை செய்கிறான். அங்கே தங்குவதற்கு முறையான அனுமதி உண்டு. பேராலயத்துக்குப் பின்புறமுள்ள பழைய நகரில், ஒரு காலத்தில் பிரபுக் குடும்பம் வாழ்ந்த மாளிகையைப் பிரித்து விற்ற கட்டடத்தில், முதல் மாடி வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். விலை 380,000 யூரோ. வங்கிக் கடன் போக மீதிக்கு நான் உதவ வேண்டும் என்கிறான்.

என்னிடம் இருப்பது மூன்று ஏக்கர் பால்மரக் (ரப்பர்) காடு மட்டுமே. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்தபடியே கூட்டுப் பணம் (சீட்டுப் பணம்) எடுத்து என் அப்பா வாங்கிய நிலம் அது. விற்பதற்கு மனம் வரவில்லை. பிள்ளை கேட்கும்போது இல்லை என்று சொல்லவும் வரவில்லை. கோடைக்காலத்தில் வீட்டைச் சுற்றுப்பயணிகளுக்கு வாடகைக்கு விட்டால் கடனைக் கட்டிவிடலாம் என்பது அவன் கணக்கு. ஆனால் அந்தக் கட்டடம் பாதுகாக்கப்பட்டது என்று தரகர் பெருமையாகச் சொன்னாராம். அது பெருமைதானா, கைவிலங்கா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: பீடோர்க்காரி, இப்பொழுது பால்மாவில்

வணக்கம் டீச்சர். பதினோரு ஆண்டுகளாக இந்த ஊரில், அதே பழைய நகரில் குடியிருக்கிறேன். வாடகைக் கணக்கை முதலில் அடித்துவிடச் சொல்லுங்கள். அடுக்குமாடி வீடுகளைச் சுற்றுப்பயணிகளுக்கு விடக்கூடாது என்று பால்மா நகர மன்றம் 2018ஆம் ஆண்டில் தடை விதித்தது. மயோர்கா அடங்கிய பலேரியத் தீவுகளின் உயர்நீதிமன்றம் அதை நீக்கியது; 2023இல் ஸ்பெயினின் உச்ச நீதிமன்றம் தடை செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. அந்தத் தடையில் தனி வீடுகளுக்குச் சில விலக்குகள் இருந்தன, ஆனால் பிரித்து விற்ற மாளிகையின் ஒரு மாடி தனி வீடு ஆகாது. ஆண்டு முழுவதும் குடியிருப்பவருக்கு வாடகைக்கு விடலாம்; அந்த வருமானம் தம்பி போட்ட கணக்கில் இருக்காது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். "பாதுகாக்கப்பட்டது" என்ற ஒரே சொல்லுக்குள் இங்கே பல படிகள் இருக்கின்றன, தரகர்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். மேல்படியில் இருப்பது "பண்பாட்டு மதிப்புடைய சொத்து" என்று அரசு அறிவித்தவை. பேராலயம், பெல்வேர் கோட்டை போன்றவை அந்த வரிசை. தனியார் மாளிகைகளிலும் சில அதில் உண்டு. 1985ஆம் ஆண்டின் ஸ்பானிய மரபுரிமைச் சட்டத்தின்படி, அப்படி அறிவிக்கப்பட்ட சொத்தின் உரிமையாளர் மாதத்தில் நான்கு நாளாவது பொதுமக்கள் பார்க்க அனுமதிக்க வேண்டும்; விற்கும் முன் அரசுக்கு அறிவிக்க வேண்டும்; அதே விலைக்குத் தானே வாங்கிக்கொள்ள அரசுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. இதற்கு மேல் பலேரியத் தீவுகளுக்கென்று 1998ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்துவது மயோர்கா தீவு மன்றம். கீழ்ப்படியில் இருப்பவை நகர மன்றத்தின் பட்டியலில் மட்டும் இடம்பெற்ற கட்டடங்கள். அவற்றில் முகப்பு, படிக்கட்டு, நடுமுற்றம் என்று குறிப்பிட்ட பகுதிகளுக்குக் காப்பு இருக்கும். தம்பி பார்த்த வீடு எந்தப் படி என்பதைத் தரகர் வாயால் அறியக்கூடாது. நகர மன்றத்தின் பட்டியலில் அந்தக் கட்டடத்துக்குரிய தாளைப் பார்க்க வேண்டும்.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். எங்கள் வீட்டின் பச்சை நிற மரச் சன்னல் கதவுகள் உளுத்துப் போயிருந்தன. ஒப்பந்தக்காரர் ஒருவர் அலுமினியத்தில் போட்டால் காலத்துக்கும் கவலையில்லை என்றார், போட்டோம். நான்கு மாதத்தில் கழற்றச் சொல்லிக் கடிதம் வந்தது. மரத்தில், அதே அளவில், அதே பச்சையில் மறுபடியும் செய்து மாட்டினோம். செலவு இரண்டு மடங்கானது, ஒப்பந்தக்காரர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் அதில்தான் கரையும். இந்தத் தீவின் பழைய கட்டடங்கள் பெரும்பாலும் "மரேஸ்" என்னும் மென்மையான மணற்கல்லால் ஆனவை. தேன் நிறத்தில், மாலை வெயிலில் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் அது ஈரத்தையும் கடல் உப்பையும் உறிஞ்சும் கல். சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் சுவர் மூச்சு விடும். சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, கல் பொடிப்பொடியாக உதிரும். வீட்டைப் பார்க்கப் போகும்போது புதிதாக வெள்ளையடித்த கீழ்ச்சுவரைத் தம்பி விரலால் தட்டிப் பார்க்கட்டும். பேராலயத்துக்கே இந்தக் கவலை ஓய்ந்ததில்லை. 1229இல் மன்னர் முதலாம் ஜாவுமே தீவைக் கைப்பற்றிய பிறகு, முன்பு பள்ளிவாசல் இருந்த இடத்தில் எழுந்த கட்டடம் அது. நடுக்கூடம் 44 மீட்டர் உயரம். 1904 முதல் 1914 வரை புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் கௌடி வந்து உள்ளமைப்பையே மாற்றினார். நடுவில் பார்வையை மறைத்துக்கொண்டிருந்த பாடகர் இருக்கைகளை அப்புறப்படுத்தியவர் அவர்தான். கௌடிக்குக் கிடைத்த அந்தச் சுதந்திரம் நமக்குக் கிடைக்காது டீச்சர், நாம் ஓர் ஆணி அடிக்கவே யோசிக்க வேண்டும்.

பதில்: வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தா, ஈப்போ

மேலே எழுதிய சகோதரி கட்டடத்தைச் சொல்லிவிட்டார். நான் தாள்களைச் சொல்கிறேன். ஈப்போவில் வீட்டு விற்பனைப் பத்திரங்கள் தயாரிப்பது என் தொழில். உறவினர் ஒருவர் ஸ்பெயினின் அலிகாண்டேயில் வீடு வாங்கியபோது அவருடைய தாள்களைத் தொடக்கம் முதல் கூட இருந்து பார்த்தேன்.

நம் ஊரில் கிராண்டுத் (நில உரிமைப் பத்திர) தேடல் செய்வதைப் போல, அங்கே சொத்துப் பதிவகத்தில் "நோட்டா சிம்ப்ளே" என்னும் சுருக்கத் தாளை வாங்கலாம். பத்து யூரோ அளவில்தான் செலவு. உரிமையாளர் யார், அடமானம் உண்டா, நீதிமன்றத் தடை உண்டா என்பதெல்லாம் அதில் தெரியும். அதில் தெரியாத கடன்களும் உண்டு. கட்டடப் பொதுச் செலவுக்கு விற்பவர் பாக்கி வைத்திருந்தால், நடப்பாண்டுக்கும் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கும் உரிய பாக்கிக்கு அந்த வீடே பொறுப்பாகிறது. அதாவது வாங்குபவர் தலையில் விழும். ஆகவே குடியிருப்போர் சங்கத்திடமிருந்து பாக்கியில்லைச் சான்றும், பழைய கூட்டங்களின் குறிப்பேடும் கேட்டுப் பெற வேண்டும். கூரையை மாற்றவும் முகப்பைப் புதுப்பிக்கவும் ஏற்கெனவே தீர்மானம் போட்டிருக்கிறார்களா என்பது அந்தக் குறிப்பேட்டில்தான் இருக்கும். மாளிகைக் கூரை என்பது நம் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டுக் கூரை அல்ல.

முன்பணத்தில் கவனம் தேவை. "அர்ராஸ்" ஒப்பந்தம் என்று சொல்லிப் பொதுவாகப் பத்து விழுக்காடு கேட்பார்கள். அவர்களுடைய உரிமையியல் சட்டத்தின் 1454ஆம் பிரிவின்படி செய்தால், வாங்குபவர் பின்வாங்கினால் பணம் போய்விடும், விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பும் என்று தனியாக எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் 38,000 யூரோ ஆபத்தில் இருக்கிறது. குடியிருக்கத் தகுதியான வீடு என்ற சான்றும் பலேரியத் தீவுகளில் தேவை. பழைய வீட்டுக்கு உரிமை மாற்ற வரி அங்கே 400,000 யூரோ வரை எட்டு விழுக்காடு. உங்கள் வீட்டுக்கு 30,400 யூரோ. நோட்டரி, பதிவு, வழக்கறிஞர் கட்டணங்கள் இதற்கு மேல். வாங்கும் விலைக்கு வங்கி கடன் கொடுத்தாலும் இந்தச் செலவுகளைக் கைப்பணத்தில்தான் கட்ட வேண்டியிருக்கும்.

கேட்காத ஒன்றைச் சொல்வதற்கு மன்னியுங்கள். வீடு வாங்கினால் அதைக் காட்டிக் குடியிருப்பு விசா பெறலாம் என்று யாரேனும் உங்களிடம் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். 500,000 யூரோ போட்டவர்களுக்குக் கொடுத்துவந்த அந்த விசாவை 2025 ஏப்ரல் 3 முதல் நிறுத்திவிட்டார்கள். நிலத்தைப் பற்றி, துண்டாடலில் வாங்கிய மூன்று ஏக்கரை இன்று விற்றால் நாளை அந்த விலைக்கு வாங்க முடியாது என்பதை நீங்களே அறிவீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் விற்க மாட்டேன்.

பதில்: பழைய கப்பல்காரர், லூமுட்

டீச்சர், தம்பி நகரத்து வீடு கைவிட்டுப்போனால் மலைப்பக்கம் கல் வீடு தேடுவார். அங்கே வேலை பார்த்த எங்கள் பையன்கள் எல்லோரும் தேடினார்கள். அதனால் முன்கூட்டியே எழுதுகிறேன். வடமேற்கு மலைத்தொடரான திராமுந்தானா 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கோயிலுக்காகவோ கோட்டைக்காகவோ அல்ல. சாந்து இல்லாமல் அடுக்கிய கல்வரப்புகளுக்காகவும், அரபு மக்கள் காலத்து நீர்ப்பாசன வாய்க்கால்களுக்காகவும். கேமரன் மலைத் தேயிலைச் சரிவுகளை நினைத்துக்கொள்ளுங்கள், தேயிலைக்குப் பதில் ஒலிவ மரம். அங்கே நிலம் சும்மா கிடப்பதாகத் தோன்றும், ஆனால் கிராமப்புற நிலத்தில் புதிதாக வீடு கட்டப் பொது விதியே குறைந்தது 14,000 சதுர மீட்டர் கேட்கிறது. நம் கணக்கில் மூன்றரை ஏக்கர். மலைக்குள் விதி இன்னும் கடுமை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலுள்ள குடிமக்கள் தீவின் கிராமப்புற நிலத்தை வாங்க இராணுவத் துறையின் அனுமதியும் வேண்டும். 1975ஆம் ஆண்டுச் சட்டம் அது. நகர எல்லைக்குள் அந்தத் தொல்லை இல்லை.

நம் பேராக்கில் பத்து காஜா ஊருக்குப் பக்கத்தில், ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி கெல்லி துரையின் கட்டி முடியாத மாளிகையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1926இல் லிஸ்பனில் அவர் இறந்தபின் கட்டடம் அப்படியே நின்றது. அருகிலுள்ள மாரியம்மன் கோயில் கோபுரத்தில் அவர் உருவமும் இருக்கிறது. வேலை செய்த நம் ஆட்கள் வைத்தது. பழைய மாளிகை என்றதும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது, வேறு உள்நோக்கம் இல்லை.

மீண்டும்: ஓய்வுபெற்ற ஆசிரியை, சுங்கை சிப்புட்

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு மகனிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். வாடகைத் தடையைப் பற்றித் தரகர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லையாம். சிறிது நேரம் பேசாமல் இருந்தான். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. நோட்டா சிம்ப்ளேவும் நகர மன்றத்தின் பட்டியல் தாளும் குறிப்பேடும் கையில் வரும்வரை கொடுக்கப்போவதில்லை என்று ஒப்புக்கொண்டான். நிலத்தை விற்பதில்லை என்றும் சொல்லிவிட்டேன். சேமநிதியில் இருப்பதில் ஒரு பகுதியைத் தருவேன், அதற்குள் அடங்கும் வீடாகப் பார்க்கட்டும். பீடோர்ச் சகோதரிக்கு ஒரு கேள்வி: அந்த மாளிகைகளில் மின்தூக்கி வைக்க அனுமதி கிடைக்குமா? என் முழங்கால் வலியைச் சொன்னால், முதல் மாடிதானே அம்மா என்கிறான்.

பதில்: பீடோர்க்காரி, இப்பொழுது பால்மாவில்

படிக்கட்டுக்குக் காப்பு இருந்தால் முற்றத்தின் ஓரத்திலோ பின்பக்கத்திலோ வைக்க முடியுமா என்று கட்டடக்கலைஞர் வரைந்து அனுமதி கேட்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் மூன்றாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இன்னொன்று, இந்த மாளிகைகளின் முதல் மாடி பிரபுக்கள் குடியிருந்த தளம். அதற்குக் கீழே உயரமான கீழ்த்தளமும், பல இடங்களில் இடைத்தளமும் உண்டு. படிகளை எண்ணி அனுப்பச் சொல்லுங்கள் டீச்சர்.