பனிமலையில் ஓடி ஏறுவதற்குக் கொடிமலைப் பயிற்சி போதுமா?

கேள்வி: ஞாயிறு ஓட்டக்காரன், பினாங்கு

வணக்கம். நான்கு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் சாலை வழியாக ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஓடிக் கொடிமலை உச்சிக்குச் சென்று வருகிறேன். மலையோட்ட வீரர் கிலியன் ஜோர்னெட் 2013-இல் பிரான்சின் ஷாமொனி ஊரிலிருந்து ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங்க் உச்சிவரை ஏறி, 5 மணி நேரத்திற்குள் இறங்கியும் விட்டார் என்று படித்தது முதல் அந்த ஆசை என்னை விடவில்லை. வருகிற ஜூலையில் செல்கிறேன். ஓட்டக் காலணியும் மெல்லிய காற்றுச்சட்டையும் போதுமா?

பதில்: ஆயர் ஈத்தாம் அக்கா

தம்பி, உங்கள் கால்களின் வலிமையில் எனக்கு ஐயமில்லை. குளிரை நினைத்துத்தான் அஞ்சுகிறேன். கொடிமலை 833 மீட்டர், மோன் பிளாங்க் 4,800 மீட்டருக்கும் மேல். ஷாமொனியில் 25 பாகை வெயில் அடிக்கும் நாளிலும் உச்சி உறைநிலையை ஒட்டியே இருக்கும். காற்று வீசினால் இன்னும் கொடுமை. நேப்பாளத்தில் 5,000 மீட்டர் உயரத்தில் ஒரு விடியற்காலையில், படம் எடுப்பதற்காகக் கையுறையைக் கழற்றினேன். சிறிது நேரத்திலேயே விரல்கள் மரத்துப்போய், சட்டையின் ஜிப்பைக்கூடப் பிடிக்க முடியாமல் நின்றேன். வழிகாட்டிதான் குழந்தைக்குப் போடுவதுபோல் இழுத்து மூடிவிட்டார். ஓடும்வரை உடல் சூடாக இருக்கும். கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டால், வியர்வையில் நனைந்த அதே சட்டை உடலின் சூட்டை உறிஞ்சிவிடும். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாநிலத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலையோட்டத்தில், திடீரென்று மாறிய வானிலையால் 21 பேர் இறந்தார்கள். அவர்களில் தேர்ந்த வீரர்களும் இருந்தார்கள்.

பதில்: பட்டர்வொர்த் மலையேறி

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஜோர்னெட் பிரனீஸ் மலை விடுதியில் வளர்ந்தவர். பனியைப் பார்த்தே அதன் குணம் அறிபவர். அப்படிப்பட்டவருடன் 2012-இல் மோன் பிளாங்க் மலைத்தொடரில் சென்ற நண்பர் ஸ்தெபான் புரோஸ், முகட்டின் பனி விளிம்பு உடைந்து விழுந்து இறந்தார். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்வில் நிகழ்கின்றன. பனிப்பிளவுகளோ மேலே மூடியிருப்பதால் கண்ணுக்கே தெரியாது. கிராம்பான் (காலணியில் மாட்டும் முள்தகடு), பனிக்கோடரி, கயிறு ஆகியவற்றைப் பழகாமல் தனியாக அங்கே கால் வைக்காதீர்கள். இந்த ஆண்டு ஷாமொனியின் பனியற்ற பாதைகளில் ஆசைதீர ஓடுங்கள். உச்சிக்கு வழிகாட்டியுடன் நடந்தே செல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:

அக்காவுக்கும் அண்ணனுக்கும் நன்றி. பனிநடைப் பயிற்சிக்கு முதலில் பதிந்துகொள்கிறேன். உயரத்திற்கு உடல் பழக எத்தனை நாள் ஒதுக்கலாம் என்று சொல்ல முடியுமா?