துருக்கியர் மத்திய ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்றால், அனத்தோலியாவின் பழைய மக்கள் எங்கே போனார்கள்?

கேள்வி: வரலாற்று மாணவி

அனைவருக்கும் வணக்கம். 1071ஆம் ஆண்டு மான்சிகெர்ட் போரில் செல்ஜுக் சுல்தான் ஆல்ப் அர்ஸ்லான் பைசாந்திய (கிழக்கு ரோமானிய) பேரரசர் நான்காம் ரோமானோஸைத் தோற்கடித்துச் சிறைபிடித்தார் என்றும், அதிலிருந்தே அனத்தோலியா (இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி) துருக்கியர் நாடானது என்றும் பாடநூல்கள் சொல்கின்றன. அப்படியானால் அங்கே பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த கிரேக்க மொழியினரும் ஆர்மீனியரும் என்ன ஆனார்கள்? இன்றைய துருக்கியர் குதிரையேறி வந்தவர்களின் வழித்தோன்றல்களா, அந்த மண்ணின் பழைய குடிகளின் வழித்தோன்றல்களா? விளக்கம் அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: கல்வெட்டு ஆர்வலர்

மொழி எங்கிருந்து வந்தது என்பதையும் மக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் பிரித்துப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும்.

மொழி ஐயத்திற்கிடமின்றிக் கிழக்கிலிருந்து வந்தது. 552இல் பூமின் ககான் ('ககான்' என்றால் பேரரசர்) நிறுவிய கோக்துருக்கிய அரசுதான் 'துருக்' என்ற பெயரைத் தன் பெயராக ஏற்ற முதல் பேரரசு. மங்கோலியாவின் ஓர்கோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 732இல் கோக்துருக்கிய இளவரசர் குல் தெகினுக்கும் 735இல் பில்கே ககானுக்கும் எழுப்பப்பட்ட நினைவுக் கற்களில் பழந்துருக்கிய மொழி செதுக்கப்பட்டுள்ளது. டென்மார்க்கு மொழியறிஞர் வில்ஹெல்ம் தாம்சன் 1893இல் அவற்றின் எழுத்தைப் படித்தறிந்தார். சீனரின் இனிய சொற்களுக்கும் மென்மையான பட்டுக்கும் மயங்கி அழிந்துவிடாதீர்கள் என்று ககான் தம் மக்களை எச்சரிக்கும் பகுதியைப் படிப்பவர், எழுதப்பட்ட இடம் வெறும் மேய்ச்சல் நிலம் என்று இனி எண்ணமாட்டார்.

துருக்கிய மொழி பேசிய குழுக்களுள் ஒகுஸ் என்ற பிரிவினர் மேற்கே நகர்ந்து, இசுலாத்தைத் தழுவி, செல்ஜுக் குடும்பத்தின் தலைமையில் 1040இல் தந்தநாகான் போரில் அன்று கிழக்கு ஈரானை ஆண்ட கஸ்னவியரை வென்று, 1055இல் பாக்தாதுக்குள் நுழைந்தனர். அனத்தோலியாவுக்குள் பெருமளவில் வந்தவர்கள் இவர்களே.

ஆனால், வந்தவர்கள் அங்கிருந்தவர்களைத் துடைத்தெறிந்துவிட்டுக் குடியேறவில்லை. போர்களில் பலர் மாண்டதும், பலர் கடற்கரைப் பகுதிகளுக்குப் பெயர்ந்ததும் உண்மை. எஞ்சிய பெரும்பான்மையோர் தங்கள் ஊர்களிலேயே இருந்து, தலைமுறை தலைமுறையாகச் சமயம் மாறி, பிறகு மொழியும் மாறினர். தேவாலயங்கள் நிலமும் வருவாயும் இழந்தன. ஆயர்கள் பலரால் தம் மறைமாவட்டங்களில் தங்கவே முடியவில்லை. அந்த வெற்றிடத்தில் மதரசாக்களும் சூஃபி மடங்களும் வளர்ந்தன. இது ஒரு போரோடு முடிந்ததன்று, ஏறத்தாழ 400 ஆண்டுகள் நீண்டது. 13ஆம் நூற்றாண்டில் அனத்தோலியாவின் கோன்யா நகரில் வாழ்ந்த சூஃபிக் கவிஞர் ஜலாலுத்தீன் ரூமி பாரசீகத்தில் பாடியவர். அவரும் அவர் மகன் சுல்தான் வலதும் சில அடிகளைக் கிரேக்கத்திலும் எழுதியிருப்பது, அந்நகரில் எத்தனை மொழிகள் அருகருகே ஒலித்தன என்பதற்குச் சான்று.

மரபணு ஆய்வுகளும் இதற்கு ஒத்தே வருகின்றன. இன்றைய துருக்கியரின் மூதாதையரில் பெரும்பகுதியினர் அனத்தோலியாவையும் அதனை ஒட்டிய நிலப்பகுதிகளையும் சேர்ந்தவர்கள். மத்திய ஆசியப் பங்கு தெளிவாக உண்டு, எனினும் அது சிறுபான்மையே. ஆகவே 'இதுவா, அதுவா' என்று கேட்பதைவிட இரண்டும் கலந்த விதத்தைக் கேட்பதே பொருந்தும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியர்

மேலே உள்ள விளக்கம் சரியானது. அதோடு பிற்காலத்தையும் சேர்க்க வேண்டும். செல்ஜுக்குகளுக்குப் பின் அனத்தோலியாவை ஆண்ட உதுமானியப் பேரரசில் மக்கள் முதன்மையாகச் சமய அடிப்படையிலேயே வகைப்படுத்தப்பட்டனர். தலைநகர் மேட்டுக்குடியினருக்குத் 'துருக்கியன்' என்பது பெரும்பாலும் நாட்டுப்புறத்தானைக் குறித்த சொல். அதைப் பெருமைக்குரிய தேசியப் பெயராக்கிய சிந்தனை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வலுப்பெற்றது. ரஷ்யப் பேரரசில் பிறந்த யூசுப் அக்சுரா 1904இல் 'மூவகை அரசியல்' என்ற கட்டுரையில் உதுமானியம், இசுலாமியம், துருக்கியத் தேசியம் ஆகிய மூன்றையும் எடைபோட்டார்.

இதற்கிடையே பேரரசு சுருங்கச் சுருங்க, பால்கனிலிருந்தும் கிரிமியாவிலிருந்தும் காக்கேசியாவிலிருந்தும் முஸ்லிம் ஏதிலிகள் இலட்சக்கணக்கில் வந்து சேர்ந்தனர். 1864இல் ரஷ்யாவால் விரட்டப்பட்ட காக்கேசிய மக்களான சர்க்காசியர்களும் அவர்களுள் அடங்குவர். மறுபுறம், 1915 தொடங்கி ஆர்மீனியர் நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்பட்ட பேரழிவைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. பழைய மக்கள் எங்கே போனார்கள் என்ற கேள்விக்கு இதுவும் விடையின் ஒரு பகுதி.

கிரேக்கமும் துருக்கியும் செய்துகொண்ட 1923ஆம் ஆண்டு மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் ஏறத்தாழ 12 இலட்சம் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் கிரேக்கத்தின் கணக்கிலும், ஏறத்தாழ 4 இலட்சம் முஸ்லிம்கள் துருக்கியின் கணக்கிலும் சேர்க்கப்பட்டனர். அளவுகோல் சமயம் மட்டுமே. துருக்கிய மொழியையே தாய்மொழியாகக் கொண்டு அதைக் கிரேக்க எழுத்தில் எழுதிவந்த கரமான்லிகள் கிரேக்கத்துக்கு அனுப்பப்பட்டனர். கிரேக்கம் பேசிய கிரீட் முஸ்லிம்கள் துருக்கிக்கு வந்தனர். இன்றைக்குத் 'துருக்கியர்' என்று எண்ணப்படுவோரின் எல்லையை மான்சிகெர்ட்டைப் போலவே இந்த ஒப்பந்தமும் வரைந்தது என்பது என் கருத்து.

வரலாற்று மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி, ஐயா. கிறித்துவுக்கு முன் அனத்தோலியாவை ஆண்ட ஹிட்டைட்டுகளே துருக்கியரின் முன்னோர் என்று ஓரிடத்தில் படித்தேன். அதற்கு ஆதாரம் உண்டா?

மறுமொழி: கல்வெட்டு ஆர்வலர்

மொழியளவில் இல்லை. ஹிட்டைட்டு இந்தோ-ஐரோப்பிய மொழி என்பதைச் செக் மொழியறிஞர் பெட்ரிச் ஹ்ரோஸ்னி 1915இலேயே நிறுவினார். துருக்கிய மொழிக்கும் அதற்கும் உறவில்லை. நீங்கள் படித்தது 1930களில் துருக்கிக் குடியரசை நிறுவிய முஸ்தபா கெமால் அத்தாதுர்க்கின் ஆதரவோடு பரவிய 'துருக்கிய வரலாற்றுக் கொள்கை'யின் எச்சம். பழைய நாகரிகங்கள் பலவும் மத்திய ஆசியாவிலிருந்து புறப்பட்ட துருக்கியரால் தோன்றியவை என்று அது வாதிட்டது. இக்கொள்கை 1932இல் அங்காராவில் கூடிய முதல் வரலாற்று மாநாட்டில் முன்வைக்கப்பட்டது. 1933இல் தொடங்கிய அரசு நிறுவனத்திற்குச் சுமேரியர் பெயரால் சுமேர்பாங்க் என்றும், 1935இல் தொடங்கியதற்கு ஹிட்டைட்டுகளின் பெயரால் எதிபாங்க் என்றும் பெயரிட்டது அக்காலத்தின் உணர்வைக் காட்டும். அனத்தோலியாவின்மீது கிரேக்கரும் பிறரும் உரிமை கோரிய சூழலில், 'நாங்கள் இங்கே பிற்பாடு வந்தவர்கள் அல்லர்' என்று சொல்லவேண்டிய தேவை புதிய குடியரசுக்கு இருந்தது. வழித்தோன்றல் என்ற பொருளில் மட்டும் எடுத்துக்கொண்டால், ஹிட்டைட்டுகள் வாழ்ந்த நிலத்தின் பழங்குடிகளின் குருதி இன்றைய துருக்கியரிடம் இருப்பது உண்மை. ஆனால் அந்த முன்னோர் துருக்கிய மொழி பேசியவர்கள் அல்லர்.