ஓய்வுக்குப் பிறகு வெளிநாட்டில் குடியேறலாமா?

கேள்வி:
பென்ஷன் மட்டுமே வருமானம். செலவு குறைந்த நாட்டில் போய்க் குடியேறினால் லாபமா? எங்கே இடிக்கும்?

பதில் 1:
முதலில் இடிப்பது மருத்துவக் காப்பீடு. வயது ஏற ஏற பிரீமியம் எகிறும். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இதய நோய்க்குப் பல பாலிசிகள் பணம் தராது, இல்லாவிட்டால் காத்திருப்புக் காலம் வைக்கும். பயணக் காப்பீட்டை நம்பிப் போகாதீர்கள். அது அவசரச் சிகிச்சைக்குத்தான்.

பதில் 2:
வரியை மறந்துவிட்டீர்களே! பல நாடுகளில் ஆண்டுக்கு 183 நாள் தங்கினாலே வரி கட்டும் குடியிருப்பாளர் ஆகிவிடுவீர்கள்; வெளியிலிருந்து வரும் பென்ஷனுக்கும் கணக்குக் கேட்கலாம். இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருந்தால் மட்டும் போதாது, பென்ஷனுக்கு எந்த நாடு வரி போடும் என்ற பிரிவைத் தேடிப் படியுங்கள். அது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும்.
நாணய மாற்றும் உண்டு. பென்ஷன் நாணயம் 20 சதவீதம் சரிந்தால், மாற்றும்போது அங்குள்ள நாணயத்தில் 1,000 கிடைத்த இடத்தில் 800தான் கிடைக்கும். ஆறு மாதச் செலவை அங்குள்ள நாணயத்தில் வைத்திருங்கள்.

பதில் 3:
செலவு குறையும் என்பது உண்மைதான். ஆனாலும் இருக்கும் வீட்டை உடனே விற்காதீர்கள்; ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்குக் கிளம்பும் முன்பே அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக அரசு தரும் சான்று) வாங்கிவிடுங்கள், அங்கிருந்து வாங்குவது தலைவலி. ஆயுள் சான்றிதழ் (உயிரோடு இருப்பதற்கான சான்று) கேட்கும் பென்ஷன் என்றால், அதைக் கொடுக்கும் தேதி தவறினால் பணம் நின்றுவிடும்.