பாஷ்கிர் மொழியில் எண்ணத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பொத்துவில்_ஓட்டோ:
வணக்கம், அறுகம்பேயில் ஓட்டோ ஓடுகிறேன். போன சீசனில் ஒரு சோடி வந்து மூன்று வாரம் நின்றார்கள். பாஸ்போர்ட் ரஷ்யாதான், ஆனால் நான் யூடியூபில் பழகின "அதீன், த்வா, த்ரீ"யை ஒருநாள் எடுத்துவிட, அந்தப் பிள்ளை சிரித்துப்போட்டு, அது ரஷ்ய மொழி, எங்கள் வீட்டில் எண்ணுவது வேறு என்று சொல்லித்தந்தது. ஊர் உஃபா, மொழி பாஷ்கிர். பெற்றோல் பில்லுக்குப் பின்னால் தமிழில் எழுதி வைத்தேன், இப்போது பார்த்தால் "பெர், இகெ, ஒஸ், துர்த், பிஸ்" என்று கிடக்கிறது, நானே வாசித்தாலும் அவர்கள் சொன்ன மாதிரி வருதில்லை. ஐந்துக்குப் பிறகு பில்லில் இடமும் இல்லை. வருகிற ஜூலையில் திரும்ப வருகிறார்களாம், மிச்சக்காசை அவர்கள் பாஷையிலேயே எண்ணிக் கொடுக்க ஆசை. யாராவது உதவுங்கள்.

கல்லடிப்பாலம்:
ரஷ்யாவிலிருந்து வருகிற ஆளுக்கு ரஷ்ய மொழி போதும்தானே மச்சான், ஏன் தலையைப் போட்டு உடைக்கிறாய். அதுசரி, இது எங்கள் வீட்டில் ஓடுகிற துருக்கி சீரியலில் எண்ணுகிற மாதிரியே இருக்கிறதே? பிர், இக்கி, உச்...

வாவிக்கரை_டொக்டர்:
கல்லடித் தம்பி பிடித்தது சரி, இரண்டும் ஒரே துருக்கியக் குடும்பம். ரஷ்ய மொழிக்கும் இதற்கும் உறவே இல்லை, எழுத்து மட்டும் அங்கிருந்து வந்தது. நான் உஃபாவில்தான் மருத்துவம் படித்தேன். ரஷ்ய மொழி தெரிந்தால் நகரத்தில் எல்லாம் நடக்கும், உண்மை. ஆனால் உஃபா தலைநகராக இருக்கிற பாஷ்கோர்தோஸ்தானில், அது ரஷ்யாவுக்குள் ஒரு குடியரசு, பாஷ்கிரும் அரச மொழி, பெயர்ப்பலகைகளில் இரண்டும் இருக்கும், பேசுகிறவர்கள் பத்து லட்சத்துக்கு மேல். ஹொஸ்டலில் இருந்த ஒரு வயதான அம்மாவிடம் "பெர், இக்கெ" என்று தொடங்கின நாளிலிருந்து என் தேநீருக்குத் தேன் கூடுதலாக விழுந்தது.

ஓட்டோத் தம்பி, உங்கள் காதில் பிழையில்லை, எழுதினதில்தான் பிழை. "இகெ" என்று எழுதினால் நம்மவர் நாக்கு அந்த க-வை மெலிதாக்கிவிடும், "இக்கெ" என்று எழுதுங்கள். மூன்றையும் நாலையும் தமிழில் எழுதவே முடியாது. "எ" சொல்லுகிற நாக்கை அப்படியே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் "ஒ"வுக்குக் குவித்து "ஸ்" போட்டால் மூன்று. அதே வித்தையை "இ"யை வைத்து "உ"வுக்குச் செய்து முன்னால் த், பின்னால் ர்த் போட்டால் நாலு. முதல் த் "தம்பி"யில் வருவது இல்லை, "தேவன்" என்பதில் வருகிற மாதிரி மெல்லியது. ஐந்து "பிஷ்", பஸ்ஸில் வருகிற ப.

ஆறு "அல்த்து". கடைசி உகரத்துக்கு உதட்டைக் குவிக்காதீர்கள், நாங்கள் "எட்டு" என்று சொல்லும்போது வால் குறுகுமே, கிட்டத்தட்ட அதுதான். பள்ளிக்கூடத்தில் குற்றியலுகரம் படித்தது எனக்கு ஒரேயொரு தடவை இங்கேதான் பிரயோசனப்பட்டது. ஏழு "யெத்தெ". அவர்களுடைய கொடியில் நடுவில் இருக்கிற பூவுக்கு ஏழு இதழ், ஏழு குலத்துக்காக. ஏழு தலைமுறை பெயர் சொல்லத் தெரிய வேண்டும் என்பார்கள், நம்ம பக்கம் எந்தக் குடி, அதாவது எந்தக் குலம் என்று கேட்கிற மாதிரித்தான், என்ன, நமக்குத் தாய்வழி, அவர்களுக்குத் தகப்பன்வழி. எட்டு "ஹிகெத்", ஒன்பது "துகுத்", பத்து "உன்". எட்டிலும் ஒன்பதிலும் கடைசி த்-தை அழுத்தக் கூடாது, "அது, இது" என்று பேசும்போது காற்று கலந்து வருகிற த அது.

பத்துக்கு மேலே சுகம். பதினொன்று "உன் பெர்". "உன் பேர்" என்று யாரையும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள், பெ-யை மட்டும் குறுக்குங்கள். பன்னிரண்டு "உன் இக்கெ". மறுகா இருபது "யெகெர்மெ", ஐம்பது "இல்லெ", இவை இரண்டையும் ஐந்தையும் தொட்டு வருவதில்லை, மனப்பாடம்தான். நூறு "யோத்", அந்த ஓ-வைக் குறுக்கி, உதடு மூன்றுக்கு வைத்த மாதிரியே, த்-தும் அதே காற்றுத் த்.

பன்மைக்குப் பயப்படாதீர்கள். நாம் ரெண்டு சட்டி தயிர் என்கிறோம், ரெண்டு சட்டிகள் என்பதில்லை. அவர்களும் எண்ணுக்குப் பிறகு ஒருமையே வைப்பார்கள்.

காத்தான்குடி_காக்கா:
டொக்டர் "காற்றுத் த்" என்று கஷ்டப்பட்டுச் சொல்வது வேறொன்றுமில்லை, நம்ம குர்ஆன் ஓதுகிறபோது வருகிற அரபு எழுத்து தால், புள்ளி வைத்த தால். சின்ன வயதில் ஓதிக்கொடுக்கிற லெப்பையிடம் பிரம்படி வாங்கி நாக்கைப் பல்லுக்கு இடையில் வைத்துப் பழகினது. துகுத்-தில் நடுவில் வருவது அரபு எழுத்து கைன். பாஷ்கிர் ஆட்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள், சொல்லிலும் நமக்குப் பழக்கமானது வரும், மூன்று புத்தகம் என்றால் அந்த மூன்றோடு "கித்தாப்" அவ்வளவுதான். கல்லடித் தம்பிக்கு ஒன்று: துருக்கியில் "செக்கிஸ்" என்று தொடங்குகிற எட்டு இங்கே "ஹ"வில் தொடங்குகிறது, அங்கே "உச்" இங்கே "ஸ்"ஸில் முடிகிறது. சீரியல் பார்த்துப் பழகினால் இந்த இடத்தில் மாட்டுப்படுவாய்.

பொத்துவில்_ஓட்டோ:
அக்கா, காக்கா, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. மகளுக்கு "உன் பெர்" சொல்லிக் கொடுத்தேன், இப்போது பக்கத்து வீட்டு ஆச்சி உன் பேர் என்னடி என்று கேட்டாலும் பதினொன்று என்று பதில் சொல்கிறாள். நாலுதான் இன்னும் வாய்க்கு வருதில்லை. ஒன்று விட்டுப்போச்சு அக்கா, ஆயிரம் எப்படி? இந்தக் காலத்தில் நூறு வரைக்கும் எண்ணி என்ன மிச்சக்காசு கொடுப்பது.

வாவிக்கரை_டொக்டர்:
"மெங்". கடைசி "அங்கே" சொல்லும்போது வருகிற ங், க-வுக்குப் போகாமல் நிறுத்துங்கள். இரண்டாயிரம் "இக்கெ மெங்", ஐயாயிரம் "பிஷ் மெங்". அறுகம்பேயிலிருந்து பொத்துவில் டவுனுக்கு பிஷ் மெங் கேட்டுவிடாதீர்கள் தம்பி, அந்தப் பிள்ளைக்கு இப்போது உங்கள் ஊர் விலை தெரியும்.