மறுமொழி: ‘பதிவேடு’ வேண்டாம், ‘நலக்குறிப்பு’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். ஒரு வாரமாக இந்த இழையைப் படித்துக்கொண்டு வருகிறேன். ‘எலக்ட்ரானிக் மெடிக்கல் ரெக்கார்ட்’ (ஒரு நோயாளியின் வைத்திய விவரங்களையெல்லாம் கணினியில் சேர்த்து வைப்பது) என்பதற்கு ‘மின்னணு மருத்துவப் பதிவேடு’ என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்ட மாதிரி தெரிகிறது. முடிப்பதற்கு முன் நான் சொல்வதையும் கேட்டுவிடுங்கள்.

நான் தமிழ் இலக்கியம் படித்தவள் அல்ல. நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் 18 ஆண்டுகளாக ரெக்கார்ட் ரூமைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த அறையில் இருப்பதையெல்லாம் இப்போது சிஸ்டத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். ஏற்றியதை வேறு மருத்துவமனைகளும் பார்க்கலாம் என்று நோயாளிகளிடம் ஒப்புதல் வாங்க ஒரு படிவம் வேண்டும். அதைத் தமிழில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எழுதினால் மட்டும் போதாது, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்களுக்கு நானே வாசித்துக் காட்டவும் வேண்டும். அதனால் இந்தச் சொல் எனக்கு அவசரமான காரியம்.

> அரசுத் துறைகளில் ‘பதிவேடு’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. புதிதாக எதற்கு ஒன்று?

ஆசிரியர் அம்மா, அரசு வழக்கில் பதிவேடு என்றால் ரிஜிஸ்டர். வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவேடு எல்லாம் ஒரே அமைப்புதான்: ஒரு புத்தகம், அதில் வரிக்கு ஓர் ஆள். எங்களிடமும் ஓபி (வெளிநோயாளிகள்) பதிவேடு, பிரசவ அறைப் பதிவேடு இருக்கின்றன. நாம் பெயர் தேடுவது இதற்கு நேர் எதிரான பொருளுக்கு. ஆள் ஒருவர், அவருக்கு வரிகள் ஆயிரம். நீங்கள் சொன்ன சொல்லை எங்கள் வார்டு செவிலியர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். “ஓபி ரிஜிஸ்டரைக் கம்ப்யூட்டர்ல போடப்போறாங்களாக்கா?” என்று கேட்டார். சொல் அவரைத் தவறான அலமாரிக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

மற்ற சொற்களையும் யோசித்துப் பார்த்தேன். ‘ஆவணம்’ என்றால் எங்கள் ஊரில் நிலப் பத்திரம். பட்டாவுக்காக அலைந்தவர்கள் நிறைந்த தாலுகா இது. அந்தச் சொல்லைக் கேட்டதும் கையெழுத்துப் போட வந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். ‘கோப்பு’ கணினியில் வேறொன்றுக்கு நிலைத்துவிட்டது. ஒருவருடைய பதிவுக்குள் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை என்று நூறு கோப்புகள் இருக்கும். ‘மருத்துவச் சுவடி’ கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் யாருக்கும் ஓலைச்சுவடியும் சித்த வைத்தியமும்தான் நினைவுக்கு வரும். ‘மருத்துவ வரலாறு’ என்பதை ‘ஹிஸ்டரி’ கேட்பதற்கு மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

> இ.எம்.ஆர்., இ.எச்.ஆர். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே தமிழ்ச்சொல் போதும்.

மருத்துவர் ஐயா, இதில்தான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. முதலாவது (இ.எம்.ஆர்., எலக்ட்ரானிக் மெடிக்கல் ரெக்கார்ட்) ஒரு மருத்துவமனை தன் வேலைக்காக வைத்துக்கொள்வது. இரண்டாவது (இ.எச்.ஆர்., எலக்ட்ரானிக் ஹெல்த் ரெக்கார்ட்) எந்த மருத்துவமனைக்குப் போனாலும் ஆளோடு கூடவே போக வேண்டியது. நடுவண் அரசு 2013இல் வெளியிட்டு 2016இல் திருத்திய தரநெறிகள் இந்த இரண்டாவதைப் பற்றியவை. 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் கொண்டுவந்த 14 இலக்க ‘ஆபா’ என்ற சுகாதார அடையாள எண்ணும் அதற்காகத்தான். பெரிய நகரத்தில் ஒரே மருத்துவமனையில் பிறந்து அங்கேயே காலம் முழுக்க வைத்தியம் பார்த்துக்கொள்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். மலையில் அப்படி இல்லை. எங்கள் ஆட்கள் காய்ச்சலுக்கு ஆரம்ப சுகாதார நிலையம், பிரசவத்துக்குத் தாலுகா ஆஸ்பத்திரி, அதற்கு மேல் என்றால் ஊட்டி அல்லது கோயம்புத்தூர் என்று போகிறார்கள். பந்தலூர்ப் பக்கத்தவர்கள் சுல்தான் பத்தேரிக்கும் கோழிக்கோட்டுக்கும் இறங்கிவிடுவார்கள். ஓர் ஆளின் உடம்பைப் பற்றிய சேதி இரண்டு மாநிலங்களில் நாலைந்து அலமாரிகளில் கிடக்கிறது.

சிக்கிள் செல் சோகையை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகும், பெற்றோர் வழியாக வரும் நோய் அது. இந்தியாவில் இந்த நோய் இருப்பதை முதன்முதலில் எழுதியதே 1952இல், நீலகிரிப் பழங்குடிகளிடம் லேமன், கட்புஷ் என்ற இருவர் ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகுதான். பணியர், முள்ளுக்குறும்பர் என்ற பழங்குடிகளின் பாடிகளில் (குடியிருப்புகளில்) இன்றும் அது இருக்கிறது. அந்த நோயுள்ள ஒரு பையன் ராத்திரி இரண்டு மணிக்கு எலும்பெல்லாம் வலி என்று முன்பின் தெரியாத ஆஸ்பத்திரிக்குப் போகிறான். ஹீமோகுளோபின் 8 என்று வருகிறது. டியூட்டி டாக்டருக்கு உடனே தெரிய வேண்டியது ஒன்றுதான்: 8 என்பது அவனுக்கு எப்போதும் இருக்கிற அளவா, 10இலிருந்து இறங்கியதா? எப்போதும் உள்ளதென்றால் ரத்தம் ஏற்ற வேண்டிய தேவை இருக்காது. இறங்கியது என்றால் ஏன் என்று தேட வேண்டும். அதோடு இந்த நோய்க்கான ஹைட்ராக்ஸியூரியா மருந்து எவ்வளவு எடுக்கிறான், இதுவரை எத்தனை முறை ரத்தம் ஏற்றியது, மண்ணீரல் எவ்வளவு வீங்கியிருந்தது, எல்லாம் வேண்டும். அவ்வளவும் என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. 50 கிலோமீட்டர் தள்ளி ஊட்டியில் அந்த நேரத்தில் அதனால் யாருக்கு என்ன பயன்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உள்நோயாளிகளின் பதிவுகளை 3 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்கிறது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது, அது நல்லது. ஆனால் சிக்கிள் செல் பிறந்த நாள் முதல் கடைசி வரை இருக்கிறது. மூன்றாண்டுக் கணக்கு மருத்துவமனைக்குச் சரி, அந்தப் பையனுக்குச் சரிவராது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் இந்த வித்தியாசமே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

> காகிதமே போதும். கரண்ட் இல்லாத ஊரில் கணினியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

கொடைக்கானல் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. நான் இரண்டையும் பார்த்துவிட்டேன். 2019 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீட்டருக்கு மேல் மழை பெய்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வாரம் எங்கள் பக்கமும் கொட்டித் தீர்த்தது. ரெக்கார்ட் ரூமின் கீழ்த்தட்டில் இருந்த கேஸ் ஷீட்டுகள் ஊறிப்போயின. ஹீட்டர் முன்னால் உட்கார்ந்து தாள் தாளாகப் பிரித்துக் காயவைத்தோம். ஒரு பெண்ணின் அட்டையில் சிவப்பு மையில் ‘பெனிசிலின் ஆகாது’ என்று எழுதியிருந்தது. மை கரைந்து ஒரு கறைதான் மிஞ்சியது. அந்த அட்டையை எழுதியவள் நான் என்பதால் எனக்கு அது நினைவில் இருந்தது. நான் அன்று லீவில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

போன ஆண்டு மரம் விழுந்து கேபிள் அறுந்து இரண்டு நாள் சிஸ்டம் ஓடவில்லை. வெள்ளைத்தாளில் எழுதினோம், மூன்றாம் நாள் உட்கார்ந்து ஏற்றினோம். டெல்லி எய்ம்ஸிலேயே 2022 நவம்பரில் இணையத் தாக்குதல் நடத்தி சர்வரை முடக்கிவிட்டபோது நாள்கணக்கில் கையால்தான் எழுதினார்கள். ஆகவே கணினி வந்ததும் காகிதத்தைத் தூக்கிப்போடு என்று நான் சொல்லவே மாட்டேன். சொல்லும் இரண்டுக்கும் பொருந்த வேண்டும் என்பதே என் கோரிக்கை. தாளில் இருந்தாலும் திரையில் இருந்தாலும் அது அந்த ஆளுடைய ஒரே பொருள்தானே?

சரி, மக்கள் என்ன சொல்கிறார்கள்? ‘நோட்டு’. “நோட்டு கொண்டாந்தியா?” என்றுதான் ஓபி வாசலில் கேட்போம். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களில் வயதானவர்கள் ‘கிளினிக் கொப்பி’ என்பார்கள். பாலித்தீன் பையில் சுற்றி, ரவிக்கைக்குள்ளோ சுருக்குப் பையிலோ வைத்துக் கொண்டுவருவார்கள். மருத்துவமனை எழுதும், ஆனால் நோட்டு அவர்கள் வீட்டில்தான் இருக்கும். இந்த உரிமை சொல்லிலும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அதனால்தான் ‘நலக்குறிப்பு’ என்று முன்வைக்கிறேன். மருத்துவமனை தனக்கென வைத்திருப்பதை ‘மருத்துவமனைக் குறிப்பேடு’ என்றே சொல்லலாம்; ஏடு இருக்குமிடத்தில் இருக்கும். ஆளோடு போவது நலக்குறிப்பு.

குறிப்பு என்றால் ஜாதகக் குறிப்பு ஆயிற்றே என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். அதையே நான் இதற்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறேன். பிள்ளை பிறந்ததும் ஜாதகம் எழுதி வைக்கிறோம். அது வீட்டுப் பெட்டியில் இருக்கும். யாரிடம் காட்ட வேண்டும் என்று நாம் முடிவு செய்கிறோம், அவர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். ஜோசியர் அதைத் தன் அலமாரியில் பூட்டி வைத்துக்கொள்வதில்லை. ஒப்புதல் படிவம் சொல்ல வருவதும் இதைத்தான், வேறு எந்தச் சொல்லிலும் இவ்வளவு சுலபமாக விளங்கவைக்க எனக்குத் தெரியவில்லை. பாடிகளில் இந்த ஒப்புமை எடுபடாது, அங்கே ‘உங்க நோட்டுதான்’ என்று சொல்லிக்கொள்கிறேன்.

நோயை எழுதுகிற இடத்துக்கு ‘நலம்’ எதற்கு, ‘நோயர் குறிப்பு’ என்று வைக்கலாமே என்றார் மருத்துவர் ஐயா. கர்ப்பிணிக்கு என்ன நோய்? தடுப்பூசி போட்டுக்கொள்ளும் குழந்தைக்கு? சிக்கிள் செல் மரபணு அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தவர்கள் நோயாளிகளே அல்லர், பெரும்பாலும் ஆயுள் முழுக்க நன்றாகவே இருப்பார்கள். ஆனால் அப்படிப்பட்ட இருவர் கல்யாணம் செய்துகொண்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதனால் அந்தச் சேதி எழுதியிருக்கத்தான் வேண்டும். நல்ல திடகாத்திரமான ஒரு பெண்ணின் அட்டைக்கு மேல் ‘நோயர்’ என்று அச்சடித்துக் கொடுத்தால் அந்த ஒரு சொல் அவளை என்ன பாடுபடுத்தும் என்று எனக்குத் தெரியும். நோயாளியைக் குறிக்கக் குறளில் வருகிற ‘உற்றவன்’ என்ற சொல்லையும் யோசித்தேன், இன்றைக்கு உற்றார் என்றால் சொந்தக்காரர்கள் என்றாகிவிட்டது.

‘மின்’ சேர்ப்பது பற்றி: சேர்த்து எழுதினால் ‘மின்னலக்குறிப்பு’ ஆகிறது, படிப்பவர் கண்ணில் மின்னல்தான் படும். தேவைப்படும் இடத்தில் ‘மின் நலக்குறிப்பு’ என்று பிரித்து எழுதலாம், மற்ற இடங்களில் விட்டுவிடலாம். அதேபோல, ஆள் தானே கைபேசியில் வைத்துக்கொள்ளும் வகைக்கு ‘தன்னலக் குறிப்பு’ என்று வந்த பரிந்துரையைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். தன்னலம் என்ற சொல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எனக்கே தீராத சந்தேகம் ஒன்று உண்டு. எங்கள் பாடிகளில் நாலைந்து வீட்டுக்கு ஒரு போன்தான். ஒப்புதல் எண் (ஓ.டி.பி.) அந்தப் போனுக்கு வருகிறது. போன் வைத்திருப்பவரிடம் எண் இருக்கும், குறிப்புக்கு உரியவருக்கு என்ன வந்தது என்றே தெரியாது. இதைச் சொல்லால் சரிசெய்ய முடியாது. ஆனாலும் படிவத்தில் ‘ஒப்புதல்’ என்று போடுவதா, ‘சம்மதம்’ என்று போடுவதா என்று தடுமாறுகிறேன். நேரில் கேட்டு வாய் திறந்து சொல்வது சம்மதம் என்றும், எழுதிக் கொடுப்பது ஒப்புதல் என்றும் எனக்குப் படுகிறது. அம்மாவும் ஐயாவும் கருத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

படிவத்தின் முதல் வரியை இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

“இது என் நலக்குறிப்பு. நான் சம்மதம் சொல்லும் மருத்துவமனை மட்டும் இதைப் பார்க்கலாம். எப்போது வேண்டுமானாலும் நான் வேண்டாம் என்று சொல்லலாம்.”

நேற்று இதை ஓபியில் காத்திருந்த ஒரு பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். “அப்ப நோட்டு எங்கிட்டயே இருக்குமா?” என்று கேட்டார். இருக்கும் பாட்டி என்றேன். வரும் வெள்ளிக்கிழமைக்குள் திருத்தம் இருந்தால் எழுதுங்கள், அதற்குப் பிறகு அச்சுக்குக் கொடுத்துவிடுவோம்.

அன்புடன்,
கூடலூரிலிருந்து