டீலக்ஸ் ரிவெர்ப் வகை டியூப் ஆம்ப்: ஓவர்டிரைவ் வீட்டில் நன்றாக இருக்கிறது, நோம்பி மேடையில் காதைக் கிழிக்கிறது. உதவுங்கள்

சத்தி ரோட்டுக் கிதார், கோபிசெட்டிபாளையம்:

வணக்கமுங்க. டியூப் ஆம்பையும் (வால்வு போட்ட கிதார் ஆம்ப்ளிஃபையர்) ஓவர்டிரைவ் பெடலையும் (கிதார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் மிதிபெட்டி) சேர்த்து வைத்து மேடையில் வாசித்துப் பழகியவர்கள் யாராவது வழி சொல்லுங்கள், ரொம்ப நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆம்ப், கோவையில் ஒருவர் கையால் கட்டிக்கொடுத்தது. 1960களின் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் சர்க்யூட் அப்படியே. 22 வாட், பவர் டியூப் இரண்டு 6வி6, கரண்டை டிசி ஆக்கும் ரெக்டிஃபையர் டியூபுக்கு ஜிஇசட்34, 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. கிதார் டெலிகாஸ்டர். பெடல் இரண்டு வைத்திருக்கிறேன்: ப்ளூஸ் டிரைவர் (பிடி-2), டியூப் ஸ்க்ரீமர் (டிஎஸ்9).

வீட்டில் ஆம்ப் வால்யூம் 2, ப்ளூஸ் டிரைவரில் கெயின் (கரகரப்பின் அளவு) பாதிக்கு மேல், லெவல் (பெடலிலிருந்து வெளியே போகும் சத்தம்) கம்மி. தடிமனாக, இனிப்பாக, அவ்வளவு நன்றாக இருக்கிறது. எங்கள் பக்கத்து ஊர் மாரியம்மன் நோம்பிக்கு மெல்லிசைக் குழுவோடு போனபோது அதே செட்டிங்கை வைத்து ஆம்ப் வால்யூமை மட்டும் 4-க்கு ஏற்றினேன். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் கிதாரில் பாதியைக் காணோம், மீதி பாதி தகரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுத்த மாதிரி. இதில் எனக்குப் புரியாதது என்னவென்றால், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் காது வலிக்கிறது என்கிறார்கள், மேடையில் நின்ற எனக்கோ சத்தம் மங்கலாகத்தான் கேட்டது.

டியூப் ஸ்க்ரீமரைப் போட்டால் எரிச்சல் குறைகிறது. ஆனால் டிரைவை (இதில் கெயினுக்கு அதுதான் பெயர்) ஏற்ற ஏற்ற பேஸ் (அடிச்சுருதி) போய்விடுகிறது, குரல் மூக்குக்கு ஏறிவிடுகிறது. இரண்டு பெடலையும் மாட்டினால் ஒரு இரைச்சல் வேறு. மூன்றாவதாக ஒரு பெடல் வாங்க 12,000 ரூபாய் வரை எடுத்து வைத்திருக்கிறேன். எதை வாங்கலாம்?

பீளமேட்டுக்காரன், கோவை:

தம்பி, அந்தப் பணத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். நார்மல், வைப்ரேட்டோ இரண்டில் எந்த சேனலில் மாட்டுகிறீர்கள், ட்ரெபிள் (மேல் சுருதி), பேஸ் எவ்வளவில் இருக்கிறது, மேடையில் ஆம்ப் எங்கே இருந்தது? இதைச் சொல்லுங்கள் முதலில்.

சத்தி ரோட்டுக் கிதார்:

வைப்ரேட்டோ சேனல்தாங்கண்ணா, ரிவெர்ப் (எதிரொலி) அதில்தானே இருக்கிறது. இன்புட் 1. ட்ரெபிள் 7, பேஸ் 5. ஆம்ப் தரையில், எனக்குப் பின்னால் இரண்டடியில்.

பீளமேட்டுக்காரன், கோவை:

சரி, புரிகிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். எனக்கு உயிரான ஆம்ப் இது, இதை வைத்துக்கொண்டு ஒருவர் திண்டாடுவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

உங்கள் ஆம்பில் பேஸ், ட்ரெபிள் என்று இரண்டு திருகுதான் இருக்கும். மிட்டுக்குத் திருகு கிடையாது, அந்த இடத்தில் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. அந்த டோன் சர்க்யூட் நடுப்பகுதியை, அதாவது 400, 500 ஹெர்ட்ஸ் பக்கத்தை, குழி பறித்து வைத்துவிடும். பெடல் இல்லாமல் கார்டு வாசித்தால் அந்தக் குழிதான் பளபளப்பாக, அழகாகக் கேட்கும். ஓவர்டிரைவ் சத்தத்துக்கு உயிரே நடுப்பகுதியில்தான் இருக்கிறது. ப்ளூஸ் டிரைவர் நடுவைத் தூக்கிக்கொடுக்கிற பெடல் இல்லை. கீழேயும் மேலேயும் அகலமாகத் திறந்துவிடுவது. குழி இருக்கிற ஆம்புக்குள் அதை அனுப்பினால் நடுவில் ஒன்றும் மிஞ்சாது, மேலே உள்ள சரசரப்பு மட்டும் மிஞ்சும். பேஸ் கிதாரும் கீபோர்டும் வந்து அந்த நடுவை நிரப்பிவிடுவார்கள், உங்கள் கிதாருக்கு இடமே இருக்காது.

அப்புறம் ஏன் வீட்டில் நன்றாக இருக்கிறது? சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கே பேஸும் ட்ரெபிளும் குறைவாகத்தான் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். ஆகவே மெதுவான சத்தத்தில் அந்தக் குழி காதுக்கு இதமாக இருக்கும், சத்தம் ஏறியதும் அதே செட்டிங் குத்தும். வீட்டு செட்டிங் மேடைக்கு வராது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வைப்ரேட்டோ சேனலின் வால்யூம் திருகில் 47 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். வால்யூம் குறைவாக இருக்கும்போது மேல் சுருதிகளை மட்டும் திருகுக்கு வெளியே குறுக்கு வழியில் கடத்திவிடுவது அதன் வேலை. வால்யூம் ஏற ஏற அதன் செல்வாக்கு குறையும். 4-இல் இன்னும் நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கும். ப்ளூஸ் டிரைவரின் சரசரப்பு, 7-இல் நிற்கிற ட்ரெபிள், இந்தக் கெப்பாசிட்டர் என மூன்றும் ஒட்டுக்கா சேர்ந்தால் எரியாமல் என்ன செய்யும்.

இந்த ஆம்புக்கு உங்களிடமே சரியான ஜோடி இருக்கிறது, டியூப் ஸ்க்ரீமர்தான். ஆனால் நீங்கள் அதை டிஸ்டார்ஷன் பெட்டியாக நினைத்துப் பயன்படுத்துகிறீர்கள். அதன் உள்ளே 720 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் முழுப் பெருக்கம் கிடைக்கும், அதற்குக் கீழே போகப் போகப் பெருக்கம் குறைந்துகொண்டே வரும். டிரைவை முழுக்கத் திருப்பினால் மேலே சுமார் 118 மடங்கு, அடியோடு குறைத்தால் சுமார் 12 மடங்கு. பேஸுக்கும் நடுவுக்கும் உள்ள இடைவெளி 118-இல் எப்படி இருக்கும், 12-இல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மூக்குக் குரல் வருவதன் காரணம் இதுதான். டிரைவைக் குறைத்தால் பேஸ் தானாகத் திரும்பும்.

செய்ய வேண்டியது இப்படி. பெடல் எதுவும் மாட்டாமல் கிதாரை நேராக ஆம்பில் சொருகுங்கள். பேஸை 3-க்கு இறக்குங்கள், ட்ரெபிளை 4 அல்லது 5. வால்யூம் ஏறும்போது பேஸ் இறங்கியே ஆக வேண்டும், ஏனென்றால் 6வி6 சின்ன டியூப், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் சின்னது, அடிச்சுருதி அதிகமானால் எல்லாம் கொழகொழத்துவிடும். மெதுவாக மீட்டினால் சுத்தமாகவும், அழுத்தி மீட்டினால் ஓரத்தில் லேசான கரகரப்போடும் கேட்கிற இடம் வரைக்கும் வால்யூமைத் திருப்பிக்கொண்டே போங்கள். டெலிகாஸ்டருக்கு அது பெரும்பாலும் 5-க்கும் 6-க்கும் நடுவில் வரும். அங்கே நிறுத்திவிட்டு டியூப் ஸ்க்ரீமரைப் போடுங்கள். திருகின் கோட்டைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள்: டிரைவ் 9 மணிக்கும் கீழே, டோன் 11 மணி, லெவல் 2 அல்லது 3 மணி. பெடல் ஆம்பின் முதல் டியூபான 12ஏஎக்ஸ்7-ஐத் தள்ளும், அதற்குப் பின்னால் இருக்கிற ஃபேஸ் இன்வெர்ட்டர் (6வி6 இரண்டுக்கும் சிக்னலைப் பிரித்துக்கொடுப்பது), 6வி6 ஜோடி எல்லாம் சேர்ந்து நெரியும், அதாவது சிக்னல் நசுங்கிக் கரகரக்கும், ஜிஇசட்34-உம் கொஞ்சம் தொய்ந்துகொடுக்கும். நீங்கள் தேடுகிற தடிமன் அந்த நெரிசலில்தான் பிறக்கிறது. பெடலின் வேலை தள்ளுவது மட்டும்தான்.

ஆராதனைக் கிதார், கோவை:

தம்பி, அண்ணா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் எல்லா இடத்திலும் 5, 6 வரை ஏற்ற முடியாது. நான் ஆலயத்தில் வாசிக்கிறேன், பாடகர் குழு பக்கத்திலேயே நிற்கும், 22 வாட் டியூப் ஆம்பை அந்த அளவுக்குத் திறந்தால் பாட்டு கேட்காது. இதே சர்க்யூட் ஆம்பில் நான் நார்மல் சேனலைத்தான் பயன்படுத்துகிறேன். அதில் அண்ணா சொன்ன 47 பிக்கோஃபாரட் பிரைட் கெப்பாசிட்டர் இல்லை. ரிவெர்ப் கிடைக்காது, அது வேண்டுமானால் தனிப் பெடலாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பெடலின் லெவல் அதிகமாகி ஆம்ப் திணறினால் இன்புட் 2-இல் சொருகிப் பாருங்கள், 6 டெசிபல் குறைவாக உள்ளே போகும். ஆம்ப் வால்யூம் 3 பக்கம், டியூப் ஸ்க்ரீமர் டிரைவ் 11 மணி. டியூப் நெரிகிற அந்த முழு ருசி வராது, ஆனால் எரிச்சல் இருக்காது.

நான் எழுத வந்ததே வேறு விஷயத்துக்கு. முன்வரிசைக்குக் குத்துகிறது, உங்களுக்கு மங்கல் என்றீர்களே, அதில் புதிரே இல்லை. 12 அங்குல ஸ்பீக்கர் மேல் சுருதிகளை நேர்கோட்டில்தான் அனுப்பும், பக்கவாட்டிலும் மேலேயும் அவை பரவாது. தரையில் வைத்த ஆம்ப் உங்கள் முழங்காலைப் பார்த்துக் கத்துகிறது. உங்கள் காது அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கிறது. மேடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தவருடைய காது சரியாக அந்தக் கோட்டில் மாட்டிக்கொள்கிறது. உங்களுக்கு மங்கலாகக் கேட்பதால் ட்ரெபிளை 7-க்கு ஏற்றுகிறீர்கள், அவருக்கு அது இன்னும் ஏறுகிறது. ஆம்பை அசையாத ஸ்டூலில் ஏற்றுங்கள், அல்லது பின்னால் சாய்த்து ஸ்பீக்கர் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி வையுங்கள். பிறகு குனிந்து, காதை ஸ்பீக்கரின் நேர் எதிரே கொண்டுபோய் ட்ரெபிளை முடிவு செய்யுங்கள். ரேடியோ செட்காரர் மைக் வைத்தால் ஸ்பீக்கரின் நடு மூடிக்கு நேராக வைக்க விடாதீர்கள். அங்கேதான் மேல் சுருதி குவிந்திருக்கும். மூடியின் ஓரத்திலிருந்து கூம்பின் பக்கம் சித்தெ நகர்த்தச் சொல்லுங்கள், அரை அங்குலம் நகர்ந்தாலே வித்தியாசம் தெரியும்.

மோட்டார் வைண்டிங், சோமனூர்:

கண்ணு, நான் கிதார் வாசிக்கிற ஆள் இல்லை, பையன் வாசிக்கிறான், கரண்ட் சமாசாரம் மட்டும் சொல்கிறேன். இரைச்சல் எங்கே இருந்து வருகிறது என்று முதலில் பிரித்துப் பார். ஆம்பின் இன்புட்டில் இருக்கிற கேபிளை உருவிவிடு. சத்தம் நின்றுபோனால் ஆம்ப் சுத்தம், கோளாறு அதற்கு முன்னால். நிற்கவில்லை என்றால் ஆம்பைக் கட்டியவரிடம் கொண்டு போ. இரண்டு பெடலையும் ஒரே அடாப்டரில் கிளை பிரித்து மாட்டியிருக்கிறாயா? ஒன்றில் மட்டும் 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பார், தெரிந்துவிடும். செட்டாப் பாக்ஸ் அடாப்டர் எதையும் எடுத்துச் சொருகிவிடாதே, அது பெரும்பாலும் 12 வோல்ட், நடுமுனை பிளஸ். உன் பெடல் இரண்டுக்கும் 9 வோல்ட், நடுமுனை மைனஸ்.

அடுத்தது வோல்டேஜ். பொழுதோட எங்கள் பக்கம் தறி ஒட்டுக்கா ஓடும்போது லைன் இறங்கும், நோம்பி மேடையில் ஜெனரேட்டர் என்றால் கேட்கவே வேண்டாம், சீரியல் செட்டும் ஃபோகஸ் லைட்டும் அதே கரண்டில்தான். 6வி6 டியூபின் இழைக்கு 6.3 வோல்ட் வேண்டும், 10 சதவீதம் வரை கூடிக் குறையலாம். 230-க்குக் கட்டின ஆம்பில் லைன் 207-க்குக் கீழே போனால் இழை அந்த எல்லையைத் தாண்டிவிடும். டியூப் சோர்ந்து சீக்கிரமே நெரிய ஆரம்பிக்கும், வீட்டில் பார்த்து வைத்த நம்பர் எதுவும் அங்கே பொருந்தாது. மேடையில் ஒரு மல்டிமீட்டர் பையில் இருக்கட்டும், கூடவே நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று. இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை உடைக்கிற வேலை மட்டும் வேண்டாம் சாமி, உயிர் போகிற விஷயம் அது.

சத்தி ரோட்டுக் கிதார்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. கவுந்தப்பாடியில் நண்பர் வீட்டுச் சர்க்கரை ஆலைக் கொட்டாயில் வைத்து முழுக் குழுவோடு வாசித்துப் பார்த்தோம், அக்கம்பக்கம் வீடு இல்லாததால் தைரியமாகத் திறக்க முடிந்தது.

பேஸ் 3, ட்ரெபிள் 4, வால்யூம் ஐந்தரை. டியூப் ஸ்க்ரீமர் டிரைவ் கிட்டத்தட்ட சுழியில், லெவல் 3 மணிக்கு. தனியாகக் கேட்டால் கொஞ்சம் நடுப்பகுதி தூக்கலாகத் தெரிகிறது, டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் கிதார் அதன் இடத்தில் கச்சிதமாக நிற்கிறது. விரலை லேசாக வைத்தால் சுத்தமாகிவிடுகிறது, அது இதுவரை எனக்குக் கிடைத்ததே இல்லை. ஆராதனைக் கிதார் அக்கா சொன்ன மாதிரி ஆம்பை ஸ்டூலில் ஏற்றியதும் ட்ரெபிளை நானே இறக்கிவிட்டேன். இரைச்சல் அடாப்டர்தானுங்க ஐயா, ஒரு பெடலுக்குப் பேட்டரி போட்டதும் நின்றுவிட்டது.

ஒன்று மட்டும் பாக்கி. தனி வாசிப்புக்கு லெவலை இன்னும் ஏற்றினால் சத்தம் ஏறவில்லை, கரகரப்புதான் கூடுகிறது. ப்ளூஸ் டிரைவரையும் சேர்த்து வைக்கலாமா, வைத்தால் எது முன்னால்?

பீளமேட்டுக்காரன், கோவை:

ஆம்ப் ஏற்கெனவே நெரிந்துகொண்டிருக்கும்போது உள்ளே எவ்வளவு தள்ளினாலும் வெளியே சத்தம் கூடாது தம்பி, 22 வாட்டுக்கு அவ்வளவுதான் இடம். தனி வாசிப்பு மேலே வரவேண்டும் என்றால் மற்ற நேரத்தில் நீங்கள் கீழே இருக்க வேண்டும். பாட்டு ஓடும்போது கிதார் வால்யூமை 6, 7-இல் வைத்து வாசியுங்கள், தனி வாசிப்புக்கு 10. செலவில்லாத வழி, கை பழகிவிட்டால் பெடலை மிதிக்கக்கூடத் தோன்றாது.

ப்ளூஸ் டிரைவரைச் சேர்ப்பதானால் அது முன்னால், டியூப் ஸ்க்ரீமர் கடைசியில். கடைசியில் இருக்கிற பெடல்தான் ஆம்புக்குள் போகிற வடிவத்தைத் தீர்மானிக்கும். ப்ளூஸ் டிரைவரின் மேல் சரசரப்பை டியூப் ஸ்க்ரீமர் வடிகட்டி நடுவை நிமிர்த்தி அனுப்பும். மாற்றி வைத்தால் பழைய எரிச்சல் திரும்பிவிடும். ப்ளூஸ் டிரைவரில் கெயின் 9 மணியைத் தாண்ட வேண்டாம்.

12,000 ரூபாயில் முதலில் ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனி வெளியீடு உள்ள பவர் சப்ளை, பிறகு ஒரு 12ஏஎக்ஸ்7, பொருத்தமான ஜோடியாக இரண்டு 6வி6. 12ஏஎக்ஸ்7-ஐ நீங்களே மாற்றலாம், ஆம்பை அணைத்து ஆறவிட்டு. 6வி6 மாற்றினால் பயாஸ் (டியூப் சும்மா இருக்கும்போது ஓடும் கரண்டின் அளவு) பார்க்க வேண்டும், அதைக் கட்டிக்கொடுத்தவரிடமே கொடுங்கள். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம், சேஸிஸை நீங்கள் திறக்க வேண்டாம். ஸ்பீக்கர் வயர் மாட்டாமல் ஆம்பை ஒருபோதும் ஆன் செய்யாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.