‘அப்வெல்லிங்’ என்பதற்குக் ‘கீழ்நீரெழுச்சி’: ஒரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

கடலில் கீழிருந்து குளிர்ந்த நீர் மேற்பரப்புக்கு எழுவதை ஆங்கிலத்தில் ‘அப்வெல்லிங்’ (upwelling) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக ‘ஆழ்நீர் மேலேற்றம்’, ‘கடல்நீர்ப் பொங்கல்’, ‘மேற்கிளர்வு’ என நம் உரையாடலில் இதுவரை வந்த மூன்று பரிந்துரைகளையும், கடலில் உண்மையில் நிகழ்வதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

தென்னமெரிக்க நாடான பெருவின் கரையோரமாக நிலநடுக்கோட்டை நோக்கிக் காற்று வீசும்போது, புவிச்சுழற்சியின் விளைவால் மேற்பரப்பு நீர் கரையைவிட்டு விலகுகிறது. இதன் இயக்கவியலை 1905இல் சுவீடன் கடலியலாளர் எக்மன் விளக்கினார். விலகிய நீரின் இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் எழுகிறது. அதன் வேகம் நாளொன்றுக்குச் சில மீட்டரிலிருந்து சில பத்து மீட்டர் வரைதான் என்பதால், வெப்பத்தையும் விசையையும் நினைவூட்டும் ‘பொங்கல்’ பொருந்தாது. ‘கிளர்வு’ நீரடுக்குகளைக் கலக்குவதையே குறிக்கும். கலத்தல் வேறொரு நிகழ்வு, அதற்குத் தனிச்சொல் வேண்டும்.

‘ஆழ்நீர்’ என்பதில்தான் எனக்கு வலுவான மறுப்பு உண்டு. எழும் நீர் பெரும்பாலும் 50 முதல் 300 மீட்டர் ஆழத்திலிருந்து வருகிறது. துருவப் பகுதிகளில் அமிழ்ந்து, ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில் பரவும் நீருக்கே ‘ஆழ்நீர்’ என்ற சொல்லை ஒதுக்க வேண்டும். எனவே ‘கீழ்நீரெழுச்சி’ என்பதையும், அதன் எதிர்நிகழ்வுக்கு ‘மேல்நீரமிழ்வு’ என்பதையும் முன்வைக்கிறேன். எந்த நீர், எத்திசையில் நகர்கிறது என்ற இரண்டையும் இவை சொல்லிவிடுகின்றன.

இரண்டையும் சொல்வது ஏன் இன்றியமையாதது? எழும் நீரிலுள்ள நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் ஆகியவற்றால்தான் மிதவை நுண்பாசிகள் பெருகி, அவற்றை நம்பி நெத்திலிக் கூட்டங்களும் கடற்பறவைகளும் வாழ்கின்றன. பசிபிக் கடலின் நடுக்கோட்டுப் பகுதி வழக்கத்தைவிடச் சூடேறும் ‘எல் நினோ’ ஆண்டுகளில் காற்று வீசிக்கொண்டிருந்தாலும், வெதுவெதுப்பான மேலடுக்கு தடித்துவிடுவதால், எழும் நீரில் ஊட்டச்சத்து குறைந்துவிடுகிறது. எழுச்சி நின்றுவிடவில்லை, எழும் நீர் மாறிவிட்டது. பெருவின் நெத்திலி மீன்பிடிப்பு 1972இல் சரிந்ததில், மிகைப் பிடிப்போடு இம்மாற்றத்துக்கும் பங்குண்டு.

காலநிலை மாற்றம் இந்த வேறுபாட்டை இன்னும் கூர்மையாக்குகிறது. நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் கரையோரக் காற்று வலுக்கக்கூடும் என்று கடலியலாளர் பகுன் 1990இல் கருதினார். மறுபுறம், மேற்பரப்பு சூடேறச் சூடேற நீரடுக்குகளுக்கிடையே அடர்த்தி வேறுபாடு கூடி, சத்து மிகுந்த நீர் மேலே வருவது கடினமாகிறது. அவ்வாறு வரும் நீரிலும் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு மிகுதி. ஓடுடைய உயிரினங்களின் இளம்பருவத்துக்கு அது கேடு. ‘எழுச்சி வலுத்தால் மீன்வளம் கூடும்’ என்று எளிதாக எழுதிவிட முடியாததற்கு இதுவே காரணம். எழும் நீரின் தன்மையைக் கேட்கத் தூண்டும் சொல்லே இங்கு தேவை.

சொல் நீளம் என்ற மறுப்பு வரலாம். கட்டுரையில் முதன்முறை முழுமையாக எழுதிவிட்டு, பிறகு ‘எழுச்சி’ என்று சுருக்கிக்கொள்ளலாம். ‘கீழ்நீரெழுச்சிக் காற்று’, ‘கீழ்நீரெழுச்சிப் பகுதி’ என்ற கூட்டுச்சொற்களும் இடறவில்லை. நிலநடுக்கோட்டையொட்டித் திறந்த கடலில் நிகழும் வகைக்கு ‘நடுக்கோட்டுக் கீழ்நீரெழுச்சி’ போதுமா என்பதில் மட்டும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.